'பாட்டி' என்று அழைக்கப்பட்ட சிறுமி: வீட்டு ரகசியங்கள் ஒரு குழந்தையை என்ன செய்யும்?

வரவேற்பறையில் விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அறை வாசலில் ஒரு சிறுமி, விரலை வாயில் வைத்தபடி நிற்கிறாள். உள்ளே போகலாமா, வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மா திரும்பிப் பார்க்கிறார். 'பாட்டி' என்று கூப்பிட்டு உள்ளே வரச் சொல்கிறார். பிறகு விருந்தாளிகளிடம், இந்தக் குழந்தை எப்போதும் கிழவி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருப்பதால்தான் வீட்டில் இந்தப் பெயர் என்று விளக்கம் வேறு சொல்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிறுமிக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருக்கிறது.

அவள் பெயர் எலினார். 1884 அக்டோபர் 11 அன்று நியூயார்க்கில், பணத்துக்கும் பெயருக்கும் குறைவில்லாத ரூஸ்வெல்ட் குடும்பத்தில் பிறந்தவள். பிற்காலத்தில் அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவி. ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனத்தை உருவாக்கிய ஆணையத்தின் தலைவர். உலகமே எழுந்து நின்று கைதட்டிய பெண்மணி.

ஆனால், இது அந்தக் கைதட்டலின் கதை அல்ல. அப்பாவும் அம்மாவும் பிரிந்த வீட்டில், என்ன நடக்கிறது என்று யாருமே சொல்லாத நிலையில், எல்லாவற்றையும் தனக்குள்ளேயே போட்டுப் பூட்டிக்கொண்ட ஒரு கூச்ச சுபாவக் குழந்தையின் கதை.

அழகான அம்மா, அன்பான அப்பா

எலினாரின் அம்மா அன்னா, நியூயார்க்கின் பேரழகிகளில் ஒருவர் என்று பெயர் எடுத்தவர். மகளுக்கு அந்த அழகு வரவில்லை என்ற குறை அவருக்கு இருந்தது. அந்தக் குறை தன் காதில் விழாத நாளே இல்லை என்பதுபோலத்தான் எலினார் வளர்ந்தாள். மாலை நேரங்களில் அம்மா தம்பிகளோடு கொஞ்சி விளையாடும்போது, தனக்கும் அந்த மூவருக்கும் நடுவே ஏதோ ஒரு சுவர் இருப்பதாக அவளுக்குத் தோன்றும்.

அப்பா எலியட் அதற்கு நேர்மாறு. பின்னாளில் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டின் தம்பி. கலகலப்பானவர். எலினாரைச் செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடுவார். அவர் பக்கத்தில் இருந்தால் தானும் அழகி, தானும் கெட்டிக்காரி என்று அவளுக்குத் தோன்றும்.

ஆனால், எலியட்டுக்குக் குடிப்பழக்கம் இருந்தது. வலி நிவாரணிக்காகத் தொடங்கிய மருந்துகளும் பழக்கமாகிவிட்டன. சிகிச்சைக்காக ஐரோப்பா போனார்கள். அங்கும் தீரவில்லை. 1891-ல் பாரிஸ் அருகே ஒரு மனநலக் காப்பகத்தில் எலியட் சேர்க்கப்பட்டார். அதே காலகட்டத்தில், நியூயார்க் வீட்டில் வேலை பார்த்த கேட்டி மான் என்ற இளம்பெண், தன் குழந்தைக்கு எலியட்தான் அப்பா என்று சொன்னார். எலியட் மறுத்தார். குடும்பத்தார் ஆள் அனுப்பிக் குழந்தையைப் பார்க்கச் சொன்னார்கள். சாயல் பொய் சொல்லவில்லை. விஷயம் வெளியே வராமல் அமுக்குவதில்தான் எல்லோரும் குறியாக இருந்தார்கள்.

இருந்தும் வெளியே வந்தது. எலியட்டைப் புத்தி சுவாதீனமில்லாதவர் என்று அறிவித்து, சொத்துகளைக் குடும்பத்தின் பொறுப்பில் எடுக்க தியோடர் நீதிமன்றத்தை அணுகினார். பத்திரிகைகள் அதைப் பெரிய எழுத்தில் போட்டன. கடைசியில் ஒரு சமரசம். எலியட் மனைவி, பிள்ளைகளைப் பிரிந்து வெளியூரில் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் ஒழுங்காக நடந்து காட்டினால் திரும்பி வரலாம். வர்ஜீனியா மாநிலத்தின் அபிங்டன் என்ற ஊருக்கு அவர் அனுப்பப்பட்டார்.

ஊருக்கே தெரிந்த இத்தனை விஷயங்களில் ஒன்றைக்கூட, ஏழு வயது எலினாரிடம் யாரும் சொல்லவில்லை.

காசை விழுங்கிய பொய்

சொல்லாவிட்டால் குழந்தைக்குத் தெரியாது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். எலினார் அம்மாவின் அறையில்தான் தூங்குவாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து அம்மாவும் சித்திகளும் பேசுவார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். பாதி புரியும், பாதி புரியாது. அப்பாவிடம் ஏதோ தப்பு இருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். அவளுக்கோ அப்பாவிடம் தப்பே இருக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குழந்தை மனம் என்ன பாடுபடும்!

தன் சுயசரிதையில் எலினார் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறார். இப்படிப்பட்ட நேரத்தில் பிள்ளையின் மனதுக்குள் நடக்கும் போராட்டம் தெரிந்திருந்தால், பெரியவர்கள் இன்னும் கொஞ்சம் எடுத்துச் சொல்லியிருப்பார்கள் என்பது அவர் ஆதங்கம். அதை எழுதியபோது அவருக்கு 50 வயதைத் தாண்டியிருந்தது.

அந்தப் போராட்டம் எப்படி வெளிப்பட்டது என்பதற்கு ஒரு சம்பவம். பாரிஸில் இருந்தபோது, கடைசித் தம்பியின் பிரசவ நேரத்தில், ஆறு வயது எலினாரைக் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு மடத்துப் பள்ளியில் விட்டார்கள். மற்ற சிறுமிகளோடு அவளுக்கு ஒட்டவில்லை. ஒருநாள் அங்கே ஒரு சிறுமி காசை விழுங்கிவிட்டாள். எல்லோரும் அவளைச் சுற்றிப் பரபரத்தார்கள். அதைப் பார்த்த எலினார், தானும் காசை விழுங்கிவிட்டதாகப் போய்ச் சொன்னாள்.

பொய் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஆனால், எத்தனை கேட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மாவை வரவழைத்து, மகளை அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். வழியெல்லாம் திட்டு. பொய் சொல்லும் பெண்ணைப் பெற்றுவிட்டோமே என்று அம்மாவுக்கு அவமானம்.

அப்பா வீட்டுக்கு வந்தபோது, அவர் ஒருவர்தான் தன்னைக் குற்றவாளிபோல நடத்தவில்லை என்று எலினார் நினைவுகூர்கிறார்.

இன்றைக்கு ஒரு குழந்தை மனநல ஆலோசகரிடம் இந்தச் சம்பவத்தைச் சொன்னால், அந்தப் பொய்யை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். அப்பா எங்கோ இருக்கிறார், அம்மா இன்னொரு குழந்தையோடு இருக்கிறார், தன்னை யாரோ சிலரிடம் விட்டுவிட்டார்கள். 'என்னையும் கொஞ்சம் பாருங்கள்' என்று கேட்கத் தெரியாத குழந்தை வேறு எப்படித்தான் கேட்கும்?

தலைவலிக்கு இதமான விரல்கள்

அமெரிக்கா திரும்பிய பிறகு, அம்மாவுக்கு அடிக்கடி கடுமையான தலைவலி வந்தது. எலினார் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொடுப்பாள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. பல நாள்கள், மணிக்கணக்கில். அம்மா தன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்ட நேரம் அது. தன்னால் அம்மாவுக்கு ஓர் உபயோகம் இருக்கிறது என்பதே அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

கேட்க இதமாக இருக்கும் இந்தக் காட்சியில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. பெற்றோர் உடைந்துபோயிருக்கும் வீடுகளில், கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் பலர் இப்படித்தான் 'பெரிய மனுஷி' ஆகிவிடுகிறார்கள். அடம்பிடிப்பதில்லை. எதுவும் கேட்பதில்லை. அம்மா முகம் வாடினால் ஓடிவந்து தண்ணீர் கொடுக்கிறார்கள். 'என் பொண்ணுக்கு எவ்வளவு பொறுப்பு பாருங்க' என்று நாம் பெருமைப்படுகிறோம். தான் உபயோகமாக இருந்தால்தான் தன்னை நேசிப்பார்கள் என்று அந்தப் பிள்ளை மனதில் எழுதிக்கொள்வது நமக்குத் தெரிவதில்லை.

1892 டிசம்பர் 7 அன்று அம்மா டிப்தீரியாவில் இறந்துபோனார். அவருக்கு 29 வயதுதான். எலினாருக்கு எட்டு. அப்போது அவள் உறவினர் வீட்டில் இருந்தாள். செய்தியைச் சொன்னபோது, சாவு என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது: அப்பா வருவார்!

அப்பா வந்தார். பாட்டி வீட்டின் இருட்டான அறையில், கறுப்பு உடையில் உட்கார்ந்து மகளை அணைத்துக்கொண்டார். ஒருநாள் நாம் இருவரும் சேர்ந்து ஒரு வீட்டில் இருப்போம், நீ எனக்கு எல்லாமுமாக இருப்பாய் என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுப் போனார். தம்பிகள்கூட அந்தக் கனவில் ஓரமாகத்தான் இருந்தார்கள். அது தனக்கும் அப்பாவுக்கும் மட்டுமேயான ரகசியம் என்று எலினார் அதைப் பொத்திப் பாதுகாத்தாள்.

வாசலில் காத்திருந்த சிறுமி

அம்மாவின் விருப்பப்படி, பிள்ளைகள் அம்மா வழிப் பாட்டியின் பொறுப்பில் வளர்ந்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம், தம்பிகளில் மூத்தவனும் டிப்தீரியாவுக்குப் பலியானான்.

அப்பா கடிதங்கள் எழுதுவார். எப்போதாவது வருவார். கீழே அவர் குரல் கேட்டால், மாடிப்படியின் கைப்பிடியில் சறுக்கிக்கொண்டே வந்து அவர் மேல் விழுவாள் எலினார். ஆனால் வருகிறேன் என்று சொன்ன பல நாள்களில் அவர் வரவில்லை. ஒருமுறை மகளையும் மூன்று நாய்களையும் கூட்டிக்கொண்டு வெளியே கிளம்பியவர், வழியில் ஒரு கிளப் வாசலில் காவலாளியிடம் அவளை நிற்கவைத்துவிட்டு உள்ளே போனார். மணிக்கணக்கில் அவர் வெளியே வரவில்லை. நாய்களைப் பிடித்தபடி அவள் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் காவலாளிதான் அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

அப்போதும் அப்பா மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

1894 ஆகஸ்ட் 14 அன்று எலியட் இறந்தார். வயது 34. அவருடைய கடைசிக் காலம் எப்படிப்பட்டது என்று மகளுக்குத் தெரியாது. இறுதிச் சடங்குக்குப் பிள்ளைகள் வர வேண்டாம் என்று பாட்டி முடிவெடுத்தார். குழந்தைகள் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால், கண்ணால் பார்க்காத அந்த மரணத்தை எலினாரின் மனம் ஏற்கவில்லை. அப்பா இறந்துவிட்டார் என்று தெரிந்தும், அவரோடு ஒரே வீட்டில் வாழ்வதாகக் கற்பனை செய்துகொண்டே பல காலம் வாழ்ந்தாள். படுக்கையில் கண்ணை மூடினால் அந்த வீடு. கண் விழித்தால் பாட்டி வீடு.

ரயில் டிக்கெட் எடுத்துத் தந்த ஆசிரியை

15 வயதை நெருங்கும்போது, 1899-ல், லண்டனுக்கு அருகே விம்பிள்டனில் இருந்த ஆலன்ஸ்வுட் என்ற பெண்கள் பள்ளிக்கு எலினார் அனுப்பப்பட்டாள். நகம் கடித்துக்கொண்டு, தலை குனிந்தபடி போய் இறங்கினாள்.

தலைமை ஆசிரியை மரி சூவெஸ்த்ர், 60 வயதைத் தாண்டிய பிரெஞ்சுப் பெண்மணி. பள்ளியில் பிரெஞ்சில்தான் பேச வேண்டும். மற்ற புதுப்பிள்ளைகள் திணற, எலினாருக்கு அது கவலையே இல்லை. சின்ன வயதில் வளர்த்த தாதியிடமிருந்து அவள் முதலில் பேசக் கற்ற மொழியே பிரெஞ்சுதான். வாழ்க்கையில் முதல்முறையாக, ஓர் அறைக்குள் நுழைந்தபோது அவளிடம் எல்லோருக்கும் தேவைப்பட்ட ஒன்று இருந்தது.

அந்த ஆசிரியை அவளைத் தேற்றவில்லை, பரிதாபப்படவில்லை. கேள்வி கேட்டார். புத்தகத்தில் இருப்பதைத் திருப்பிச் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டார். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பார். விடுமுறையில் அவளைப் பிரான்ஸ், இத்தாலி என்று கூட்டிப் போனார். பெட்டி கட்டுவது, ரயில் நேரம் பார்ப்பது, டிக்கெட் எடுப்பது எல்லாம் எலினாரின் வேலை. ஊரைத் தனியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். தப்பாகிப்போனால் என்ன செய்வது என்று பயந்தே வளர்ந்த பெண்ணிடம், உன்னால் முடியும் என்று வாயால் சொல்லாமல் வேலையைக் கையில் கொடுத்தார்.

மூன்று ஆண்டுகள். நகம் கடிப்பது நின்றது. ஹாக்கி அணியில் இடம் கிடைத்தது. அந்த ஆசிரியையின் படத்தைப் பிற்காலத்தில் தன் மேசையிலேயே வைத்திருந்தார் எலினார்.

ஆனால், வீட்டு ரகசியம் அவரை விடவில்லை. பள்ளியிலிருந்து ஊருக்கு வந்திருந்த ஒரு கோடை விடுமுறையில், ஒரு சித்தி கோபத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். உன் அப்பா எப்படி வாழ்ந்தார், எப்படி இறந்தார் தெரியுமா என்று. பல ஆண்டுகளாக யாரும் மென்மையாகச் சொல்ல முன்வராத உண்மை, கடைசியில் ஒரு சண்டையின் நடுவே வசவுபோல வந்து விழுந்தது. உறவினர்களால் எலினாரைச் சமாதானப்படுத்தவே முடியவில்லை.

மூடி வைக்கப்படும் ரகசியங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வெளியே வருகின்றன. கல்யாண வீட்டில், சொத்துத் தகராறில், யாரோ ஒரு சொந்தக்காரர் வாயிலிருந்து, யாரையோ காயப்படுத்துவதற்காக.

மூன்றாவது தலைமுறை வரை

1905-ல் ஃபிராங்க்ளினுடன் எலினாருக்குத் திருமணம். 1918-ல், ஐரோப்பாவிலிருந்து நோயோடு திரும்பிய கணவரின் பெட்டியைப் பிரித்து அடுக்கும்போது, தன்னிடமே செயலாளராக இருந்த லூசி மெர்சர் அவருக்கு எழுதிய காதல் கடிதங்களைப் பார்த்தார். விவாகரத்துக்குத் தயார் என்றார். குடும்பம், அரசியல் என்று பல காரணங்களால் திருமணம் நீடித்தது. லூசியை இனி சந்திப்பதில்லை என்று ஃபிராங்க்ளின் வாக்களித்தார்.

1944-ல், அதிபரான ஃபிராங்க்ளின், தன் மகளிடம் ஓர் உதவி கேட்டார். அம்மா ஊரில் இல்லாதபோது லூசியை விருந்துக்கு அழைக்கலாமா? மகளின் பெயரும் அன்னா, பாட்டியின் பெயர்தான். உடல்நலம் குன்றிய அப்பாவின் சந்தோஷத்துக்காக அவர் சம்மதித்தார். 1945 ஏப்ரல் 12 அன்று ஃபிராங்க்ளின் இறந்தபோது லூசி அங்கே இருந்ததும், மகளுக்கு எல்லாம் தெரியும் என்பதும் எலினாருக்குத் தெரியவந்தது. கணவரை இழந்த அன்றே, மகள் தன்னிடம் மறைத்துவிட்டாள் என்ற அடி.

அன்னாவுக்கு அப்போது 38 வயது. அந்த வயதிலும், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ரகசியத்தைச் சுமப்பது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பாரம்! அப்படியானால், எட்டு வயதில்?

இருவருக்கும் நடுவில் கொஞ்ச காலம் பனி உறைந்தது. ஆனால், எலினார் மகளை விலக்கி வைக்கவில்லை. 1948-ல் அம்மாவும் மகளும் சேர்ந்து ஒரு வானொலி நிகழ்ச்சியே நடத்தினார்கள்.

அதே 1948 டிசம்பர் 10 அன்று, எலினார் தலைமையில் உருவான மனித உரிமைப் பிரகடனம் ஐ.நா. சபையில் நிறைவேறியது. நம் நாட்டின் ஹன்சா மேத்தாவும் அந்த ஆணையத்தில் உறுப்பினர். பிரகடனத்தின் 25-வது பிரிவு, குழந்தைகள் தனிக் கவனிப்புக்கு உரியவர்கள் என்கிறது. திருமண உறவில் பிறந்தாலும் அதற்கு வெளியே பிறந்தாலும், எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சமூகப் பாதுகாப்பு உண்டு என்கிறது. ரூஸ்வெல்ட் குடும்பம் மறைக்கப் பார்த்த கேட்டி மானின் மகனும் அப்படிப் பிறந்த குழந்தைதான்.

கூச்சம் எலினாரை முழுதாக விட்டுப் போனதா? இல்லை. மேடையில் பதற்றத்தில் சம்பந்தமில்லாமல் சிரிப்பு வந்துவிடும். கணவரின் அரசியல் ஆலோசகர் லூயிஸ் ஹோ, கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டு, தவறுகளைத் திருத்தினார். 1935 முதல் 1962 வரை, பெரும்பாலான காலம் வாரத்துக்கு 6 நாள்கள், பத்திரிகைகளில் பத்தி எழுதினார் எலினார். விருந்தாளிகள் முன் வாய் திறக்க முடியாமல் நின்ற சிறுமி, லட்சக்கணக்கான வாசகர்களோடு தினமும் பேசினார்.

நம் வீட்டுக்கு வருவோம்

'அப்பா வெளியூர்ல வேலையா இருக்காரு.' நம் ஊரில், பெற்றோர் பிரிந்த எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் முதல் வாக்கியம் இது. நல்லெண்ணத்தில் சொல்லும் பொய்தான். ஆனால், பிள்ளை நம்பிக் காத்திருக்கும். பிறந்தநாளுக்கு வருவார், தீபாவளிக்கு வருவார் என்று. வராதபோது, காரணத்தைத் தனக்குள் தேடும். 'நான் சரியா படிக்கலை', 'அன்னிக்கு நான் அடம்பிடிச்சேன்', அதனால்தான் போய்விட்டார் என்று. சின்னக் குழந்தைகள் நடப்பதற்கெல்லாம் தாங்களே காரணம் என்று நினைப்பது அந்த வயதின் இயல்பு.

பேசாத குழந்தை என்றால் ஆபத்து இன்னும் அதிகம். கத்தி அழும் பிள்ளையை நாலு பேர் கவனிப்பார்கள். அமைதியான பிள்ளையை, 'அவ ரொம்பச் சமத்து, எதையும் கண்டுக்கறதில்ல' என்று விட்டுவிடுவார்கள்.

எலினாரின் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில:

உண்மையை, வயதுக்குத் தகுந்த அளவில் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். சொல்வது பொய்யாக இருக்கக் கூடாது. 'அப்பாவும் அம்மாவும் இனிமே வேற வேற வீட்ல இருக்கப் போறோம். எங்களுக்குள்ள ஒத்துப்போகல. இது உன்னால நடந்தது இல்ல. நீ யாரோட இருப்ப, அதே ஸ்கூலுக்குத்தான் போவியா, எல்லாத்தையும் சொல்றோம்.' முடிந்தால் இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது. பிள்ளை மறுபடி மறுபடி கேட்கும். சலிக்காமல் பதில் சொல்லுங்கள்.

குடி, மனநோய் போன்றவற்றையும் மறைக்கத் தேவையில்லை. 'அப்பாவுக்குக் குடிங்கிற நோய் இருக்கு. அதுக்கு டாக்டர்தான் வைத்தியம் பார்க்கணும். நீயோ நானோ அதுக்குக் காரணம் இல்ல' என்று சொன்னால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரியும். அப்பாவை நேசிக்கவும் செய்யலாம், அவர் செய்வது தப்பு என்று தெரிந்துகொள்ளவும் செய்யலாம். எலினாருக்கு யாரும் கொடுக்காத அனுமதி அது.

காப்பாற்ற முடியாத வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். பிரிந்து வாழும் அப்பாவோ அம்மாவோ, 'சீக்கிரம் உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவேன்' என்று சொல்வது பாசத்தில்தான். பிள்ளை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழும். அதைவிட, 'ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வர்றேன்' என்று சொல்லி, நாலு மணிக்கு வந்து நிற்பது மேல்.

பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள், ரகசியக் காவலாளி ஆக்காதீர்கள். 'அம்மாகிட்ட சொல்லிடாத', 'அப்பா வீட்டுக்கு யார் யார் வர்றாங்க?' இந்த இரண்டும் பிள்ளையின் வேலை அல்ல.

கூச்சத்துக்குப் பட்டப்பெயர் வைக்காதீர்கள். 'ஊமைக்கோட்டான்', 'உம்மணாமூஞ்சி' என்று விருந்தாளிகள் முன் சொல்வது நமக்கு விளையாட்டு. 50 வயதிலும் அந்தக் காட்சி எலினாருக்கு மறக்கவில்லை. பதிலாக, சின்னச் சின்னப் பொறுப்பைக் கையில் கொடுங்கள். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கட்டும், கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கட்டும். அந்த ஆசிரியை செய்தது அதைத்தான்.

இன்னொரு பெரியவர் இருக்கட்டும். பெற்றோரே உடைந்திருக்கும்போது பிள்ளையைத் தாங்க ஓர் ஆசிரியரோ, அத்தையோ, தாத்தாவோ போதும். பக்கம் சேர்ந்து பேசாதவராக, கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். தூக்கமின்மை, படுக்கையை நனைப்பது, அடிக்கடி வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மறுப்பது போன்றவை தொடர்ந்தால் குழந்தை மனநல ஆலோசகரைப் பாருங்கள். உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

அப்பாவின் கடிதங்களை எலினார் வாழ்நாள் முழுவதும் பாதுகாத்தார். 1933-ல், அவர் நாட்டின் முதல் பெண்மணியான ஆண்டில், அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகவே வெளியிட்டார். எல்லா உண்மையும் தெரிந்த பிறகும் அப்பா மேல் இருந்த பாசம் குறையவில்லை. உண்மை தெரிந்தால் பிள்ளை அப்பாவை வெறுத்துவிடும், அம்மாவை மதிக்காது என்று நாம் பயப்படுகிறோம். அந்தப் பயத்துக்கு எலினாரின் வாழ்க்கையே பதில்.

உங்கள் வீட்டிலும் வாசல் ஓரமாக நின்று, உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பேச்சைப் பாதியில் நிறுத்திவிடாமல், அதற்குப் புரிகிற மாதிரி மிச்சத்தையும் சொல்லுங்கள்.